தூரிகை துடைத்த துணி

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், அப்பாவின் கோபமும் நலம். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பத்தான் ஆசை. நேற்று போனில் நீ அழுத அழுகையில் எனக்குப் பாதி புரியவில்லை, புரிந்த மட்டும் சொல்கிறேன். பக்கத்து அறையில் சிற்பம் செய்கிற பெண்ணின் கம்பிப் பறவையைப் பார்த்து நீ ஒரு மோதிரம் செய்தாய், இப்போது அது திருட்டு மாதிரி தெரிகிறது, அதனால் டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டாய், சனிக்கிழமைக் கண்காட்சியும் வேண்டாம், நகை வடிவமைக்கிற தொழிலே வேண்டாம். சரி, உன் அப்பா அடித்த கூத்தைக் கேள்.

போன மாதம் முழுக்க அவருக்குப் புது நகை டிசைன் ஒன்றுமே ஓடவில்லை. பட்டறையில் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தவரை, மாடி ஓவியரின் படங்களையாவது பார்த்துவிட்டு வாருங்கள் என்று நான்தான் விரட்டினேன். ஓவியர் பாவம், நாற்காலி போட்டு, டீ கொடுத்து, ஒவ்வொரு படமாக எடுத்துக் காட்டியிருக்கிறார். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, தூரிகை துடைக்கிற துணியைக் காட்டி, இதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாராம். ஓவியருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது, இருந்தாலும் கொடுத்துவிட்டார். நான் அதைத் துவைக்கப் போட்டேன், அப்பா போட்ட சத்தத்தில் சோப்பு கையிலிருந்து நழுவி ஓடிவிட்டது. அந்த அழுக்குத் துணியில் நீலமும் காவியும் எப்படிக் கலந்திருந்ததோ அப்படியே கல் பதித்து ஒரு பதக்கம் செய்தார். ஓரத்தில் மட்டும் தன் யோசனையாக ஒரு பச்சைக் கல் வைத்தார். கடை ஜன்னலில் வைத்த அன்றைக்கே ஓவியர் பார்த்துவிட்டார். உள்ளே வந்து லென்ஸைக் கேட்டதும் நான் எடுத்துக் கொடுத்தேன், உன் அப்பாவோ எதையோ தேடுவதுபோல மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டார். பதக்கத்தை வெகுநேரம் பார்த்த ஓவியர், இந்தப் பச்சை என் துணியில் இல்லையே என்று மட்டும் சொல்லிவிட்டு விறுவிறுவென்று மாடிக்குப் போய்விட்டார். மறுநாள் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். முடிக்கத் தெரியாமல் போட்டுவைத்திருந்த பெரிய படத்தின் ஓரத்தில் அதே பச்சை, படமும் முடிந்திருந்தது. அன்றிலிருந்து உன் அப்பா போகிறவர் வருகிறவரிடமெல்லாம், என் பச்சையைச் சுட்டுவிட்டான் என்று பொருமிக்கொண்டிருக்கிறார். சாயங்காலம் அதே ஓவியரோடு உட்கார்ந்து டீயும் குடிக்கிறார்.

நீ முதலில் டிராயரைத் திற. மோதிரத்தை அந்தப் பெண்ணிடம் கொண்டுபோய்க் காட்டு, உன் பறவையைப் பார்த்துத்தான் செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்லு. அவள் சரியென்றால் கண்காட்சியில் அவள் பெயரையும் எழுதி வை. திட்டினால் வாங்கிக்கொண்டு எனக்குப் போன் பண்ணு. அவள் பறவையில் இல்லாத ஏதோ ஒன்று உன் மோதிரத்தில் இருக்கும், நீ செய்தது, இல்லாமல் போகாது. நீ இந்தத் தொழிலை விட்டுவிடுவாயோ என்று எனக்கு நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

கையும் கண்ணும் சுகமாக இருந்து நீண்ட நாள் நன்றாக இரு. மறக்காமல் மோதிரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. அப்பா கேட்கவில்லை, ஆனால் காலையிலிருந்து பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா