வேதாவின் அட்டைக்கு மட்டும்

திருமுல்கேரி
18 நவம்பர் 2025

ஷ்யாமுக்கு,

நீங்கள் நலமா என்று கேட்க இதை எழுதவில்லை. போனில் பேசினால் இருவரும் கத்துகிறோம், வேதா காதைப் பொத்திக்கொள்கிறாள். அதனால்தான் மெயில்.

நேற்று பள்ளி முடிந்ததும் "வேதா பஸ்ஸில் ஏறினாள்" என்று செய்தி வந்தது. உங்கள் போனுக்கும் வந்திருக்கும். அதை நம்பி ஜீடிமெட்லா ஆபீசில் கையில் இருந்த வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினேன். ஆட்டோ போவன்பள்ளி மார்க்கெட் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. வீட்டருகே ஸ்டாப்புக்கு வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. பிள்ளை இல்லை. தெருத்தெருவாக ஓடினேன். பஸ் ஆயாவுக்குப் போன் போட்டால், "எக்கிந்தி மேடம், எக்கிந்தி!" என்று தெலுங்கில் சாதிக்கிறாள். ஏறினாளாம். பஸ்ஸில் இருக்கும் ஸ்க்ரீனில் அவள் பெயர் பச்சையாக இருந்ததாம்.

கடைசியில் பள்ளிக்கு அடுத்த ராணுவக் குடியிருப்பு வாசலில், காவலுக்கு நின்ற சிப்பாயின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் ஏறிய கையோடு தண்ணீர் பாட்டில் ஞாபகம் வந்து இறங்கி ஓடியிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் பஸ் போய்விட்டது. "நேனு ஏடவலேதம்மா" என்றாள். அழவில்லையாம். கன்னத்தில் உப்பு காய்ந்திருந்தது.

இறங்கினாள் என்று ஏன் செய்தி வரவில்லை? பஸ் கதவில் பிள்ளைகளின் கழுத்து அட்டையைப் படிக்கும் ரீடரை வைத்தது உங்கள் கம்பெனி. செய்தி அனுப்பும் ப்ரோகிராமை எழுதியது நீங்கள். எனக்குப் பதில் வேண்டும்.

வர்ஷினி

*

கொண்டாப்பூர்
19 நவம்பர் 2025

வர்ஷினி,

ரீடர் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. பார்த்துவிட்டேன். ஏறின பஸ்ஸை விட்டு இறங்கக்கூடாது என்று ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியது யார்? ஸ்டாப்பில் நிற்க வேண்டியது யார்? பழியை மிஷின் மேல் போடுவது சுலபம்.

"ஆபீஸே கதின்னு கிடக்கிறவளுக்குப் பிள்ளை எதுக்கு?" என்று அம்மா கேட்டபோது உனக்காகச் சண்டை போட்டவன் நான். இப்போது வாய் வரவில்லை. வேதா யாரிடம் இருப்பது என்ற வழக்கின் அடுத்த வாய்தாவில் அவளை என்னிடம் விடச் சொல்லிக் கேட்கப்போகிறேன். நடந்ததை வக்கீலிடம் சொல்லியாயிற்று.

ஷ்யாம்

*

திருமுல்கேரி
20 நவம்பர் 2025

ஷ்யாமுக்கு,

உங்கள் அம்மா சொன்னதை வார்த்தை பிசகாமல் எடுத்து எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்னது ஒன்று எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

அட்டையோடு ஒரு பிள்ளை கதவருகே நின்றால் ரீடர் அதையே திரும்பத் திரும்பப் படிக்கும். ஏறினாள், இறங்கினாள், ஏறினாள் என்று பெற்றோர் போனில் செய்தி கொட்டும். எல்லாரும் உங்களைத் திட்டினார்கள். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்து பெருமையடித்தீர்கள்: "முதல்ல படிச்சதை மட்டும் எடுத்துக்கிட்டு, அடுத்த சில நிமிஷத்துக்கு வர்றதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன். அப்புறம் ஒரு புகார் வரல, பாத்தியா?" அன்றைக்கு நான் பாயசம் வேறு வைத்திருந்தேன்.

வேதா இறங்கியது அந்தச் சில நிமிஷத்துக்குள். நீங்கள் தூக்கிப் போட்டதில் அவளும் ஒருத்தி.

பள்ளியிடம் இதைச் சொல்லுங்கள். சரிசெய்யும் வரை ஆயாக்கள் ஸ்க்ரீனைப் பார்க்காமல் பிள்ளைகளின் தலையை எண்ணட்டும். வேறெதுவும் உங்களிடம் கேட்கவில்லை.

வர்ஷினி

*

கொண்டாப்பூர்
22 நவம்பர் 2025

வர்ஷினி,

சரி. வேதாவின் அட்டைக்கு மட்டும் அந்த விதியை எடுத்துவிட்டேன். இனி அவள் கதவருகே மூச்சுவிட்டாலும் நம் இருவருக்கும் செய்தி வரும். உனக்கு வேண்டியது அதுதானே?

எல்லாருக்கும் எடுத்தால் பழையபடி செய்தி கொட்டும், ஏன் என்று கேள்வி வரும். இன்னும் பல பள்ளிகளோடு கம்பெனி பேசிக்கொண்டிருக்கும் நேரம் இது. அதனால் நீ வாய் திறக்கக்கூடாது. திறக்காவிட்டால் வழக்கை வாபஸ் வாங்குகிறேன், வேதா உன்னோடே இருக்கட்டும். திறந்தால், பிள்ளை தொலைந்த அன்று நீ ஸ்டாப்பில் இல்லை என்பது கோர்ட்டில் முதல் பேச்சாக இருக்கும்.

யோசி.

ஷ்யாம்

*

திருமுல்கேரி
24 நவம்பர் 2025

ஷ்யாமுக்கு,

யோசித்தேன். "வேதா உன்னோடே இருக்கட்டும்" என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வாயை மூடிக்கொள்வது என்று முடிவே செய்துவிட்டேன்.

இன்று காலை பஸ் வந்தது. வேதா ஏறிப் படியருகே நின்றாள். என் போன் ஏறினாள், இறங்கினாள், ஏறினாள் என்று அலறியது. பக்கத்தில் நின்ற சபீனாவின் அம்மாவுக்கு ஒரே ஒரு செய்தி. "அரே வர்ஷினி, உன் போனுக்குப் பேய் புடிச்சிருக்கா?" என்று சிரித்தாள். பஸ் கிளம்பவே இல்லை. சபீனா படியில்தான் நின்றிருந்தாள். அவள் அம்மா போனைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அந்த ஒரு செய்தி போதும் அவளுக்கு.

பின்னாலேயே ஓடிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் பிள்ளைக்கு மட்டும் சரிசெய்துகொண்டதையும் சொன்னேன். "கைக்கு?" என்றாள் உருதுவில். ஏன் என்று. இரண்டாவது தடவையும் அதையேதான் கேட்டாள். பதில் உங்களுக்குத் தெரிந்தால் அவளுக்கே எழுதுங்கள், எனக்கு வேண்டாம்.

உங்கள் கடிதத்தை ஒரு வரி வெட்டாமல் பள்ளி முதல்வருக்கு அனுப்பிவிட்டேன். அன்று நான் ஸ்டாப்பில் இல்லாதது உண்மை. உங்கள் வக்கீல் சிரமப்பட வேண்டாம், கோர்ட்டில் நானே சொல்கிறேன்.

அதைக் கேட்டு கோர்ட் வேதாவை உங்களிடம் விடச் சொன்னால், ராத்திரியில் அவள் அறை விளக்கை அணைக்காதீர்கள். அந்த நாளுக்குப் பிறகு இருட்டில் தூங்க மாட்டேன் என்கிறாள்.

வர்ஷினி