ஆறு பேர் பட்டியலில் உன் பேர் இல்லை

என் ராஜி அக்காவுக்கு,

"நல்லா இருக்கியாக்கா" என்றுதான் கை எழுதப் போகிறது. நீ போய் நாலு மாசம் ஆகிறது, அந்தப் பழக்கம் இன்னும் என்னை விடவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை நாங்கள் சிங்கப்பூர் கிளம்புகிறோம். நீ போட்ட திட்டம்தான். யாழினிக்கு டால்பினைத் தொட்டுப் பார்க்கணும் என்று நீ ஆரம்பித்தது. உன் மகளுக்காக என்றுதானே நான் நம்பினேன். இப்போது எதை நம்புவது, எதை விடுவது என்றே தெரியவில்லை அக்கா. உன்னிடம் சண்டை போட வேண்டியிருக்கிறது. நீ எதிரில் இல்லாததால் எழுதுகிறேன்.

போன வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தையல் கடைக்கு வந்து, போனை என் மூஞ்சிக்கு நேராக நீட்டினாய். ஒரு கடல் பூங்கா. பச்சை நிறத் தண்ணீர், டால்பின், பாறைக்கு நடுவே மீன் கூட்டம். "ஒரே டிக்கெட்டுல எல்லாம் அடக்கம் சுமதி. காலைச் சாப்பாடு, மத்தியானச் சாப்பாடு, தண்ணிக்குள்ள பாக்குற கண்ணாடி, துடைக்கிற துண்டு மொதக்கொண்டு அவங்களே குடுத்துருவாங்க. நம்ம கையை வீசிக்கிட்டுப் போனா போதும்" என்றாய். போடியிலிருந்து ராமேஸ்வரம் போவதற்கே புளியோதரை, தண்ணி கேன், பாய் என்று வண்டி நிறைய ஏற்றுகிறவள் நீ. கையை வீசிக்கொண்டு போகிறேன் என்று நீ சொன்னதும் நான் சிரித்துவிட்டேன்.

அங்கே ஆளுக்கு ஆள் எடை, உயரம், செருப்பு அளவு எல்லாம் கேட்டார்கள். போடிமெட்டுக்கு மேலே நீ ஏலக்காய் தரம் பிரிக்கிற ஸ்டோரில் மூட்டை எடை போடுகிற மிஷின் இருக்கிறதே, பொங்கல் லீவில் எங்களை ஜீப்பில் கூட்டிக்கொண்டு போய் அதில்தான் ஏற்றி நிறுத்தினாய். உன் வீட்டுக்காரர் மச்சான், என் வீட்டுக்காரர், யாழினி, என் மகன் முகிலன், கடைசியில் நான். பரீட்சை அட்டையில் பேப்பர் வைத்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாய். "நீயும் ஏறுக்கா" என்றேன். "எனக்குத்தான் என் எடை தெரியுமே" என்றாய்.

பெண்கள் தண்ணீரில் இறங்க முழுக்கைச் சட்டையும் பேன்ட்டும் தைக்கலாம் என்று துணி எடுத்து வைத்தேன். உனக்கு அளவெடுக்கும்போது டேப்பு தளர்ந்துபோய் நின்றது. "என்னக்கா இப்படி எளச்சுட்ட" என்றால், "தெனம் மலை ஏறி இறங்குறவ குண்டாவா இருப்பா?" என்றாய். எதைச் சாப்பிட்டாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாய். குடல்புண் என்றாய். மதுரையில் டாக்டரிடம் காட்டிவிட்டேன், மாத்திரை தந்திருக்கிறார் என்றாய். நானும் சரி என்று விட்டுவிட்டேன். நீ பொய் சொல்வாய் என்று எனக்கு ஏன் தோன்றப் போகிறது?

ஆடியில் படுத்தாய். ஆவணி முடிவதற்குள் போய்விட்டாய். கடைசி வாரத்தில்தான் மச்சானுக்கே அது புற்று என்று தெரியும். அவர் என்னிடம் சொல்லி, இருவரும் உன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதோம். நீ கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாய்.

உன் சாவு நாளில் நான் செய்ததை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

சிலமலையில் உன் வீட்டுப் பந்தலில் கொட்டுச் சத்தத்துக்கு நடுவே தம்பி கண்ணன் வந்தான். கையில் தாம்பாளம், அதில் உனக்குப் போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை. அப்பா அம்மா இல்லாத வீட்டில் நமக்குப் பிறந்த வீடு என்றால் அவன்தான். ஒன்பது வருசமாக நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்துபோய்ப் பந்தக்கால் பக்கத்தில் வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"காதுகுத்துக்கு வராதவன் சாவுக்கு எதுக்குடா வந்த? போ" என்றேன். அத்தனை பேர் முன்னாடி. கொட்டு நின்றுவிட்டது.

"ஒருதடவ பாத்துட்டுப் போயிர்றேன்" என்றுகூட அவன் கேட்கவில்லை. தாம்பாளத்தோடு திரும்பிப் போனான். பெரியப்பா மகன் முருகேசன் அண்ணன்தான் வேறொரு சேலை வாங்கிவந்து உனக்குப் போர்த்தினார். உனக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு ஒரு நிறைவுகூட இருந்தது அக்கா. உன் பக்கம் நின்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

நீதானே அவன்மேல் அத்தனை கோபமாக இருந்தாய்? யாழினிக்கு அஞ்சு வயசில் காது குத்தினோம். கோயிலில் ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளை நின்றாள். நல்ல நேரம் முடிகிற வரைக்கும் பார்த்துவிட்டு, முருகேசன் அண்ணன் மடியில் உட்காரவைத்துக் குத்தினோம். நீ தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாய். "மாமன் வரலையேடி, என் பிள்ளையை அநாதையாக்கிட்டானேடி" என்று என் தோளில் விழுந்தாய். அன்று சாயங்காலமே அவனுக்குப் போன் போட்டு, "இனி ஒனக்கு ரெண்டு அக்காளும் இல்ல" என்று சொன்னவள் நான்.

அவன் எனக்கு ஒரு வயசுதான் இளையவன், என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். பூப்பாறை எஸ்டேட்டில் வேலைக்குப் போன இடத்தில் மலையாளத்துப் பொண்ணு ஸ்மிதாவைக் கட்டினான். வேற ஆளுக, வேற பாஷை என்று நீங்கள் எல்லாரும் ஒதுங்கியபோது அந்தக் கல்யாணத்துக்குப் போய் நின்றவள் நான் ஒருத்திதான். அவனையே உனக்காக அறுத்துப் போட்டேன். எனக்கு அது சுலபமாக இருந்தது என்றா நினைத்தாய்?

முப்பதாம் நாள் கும்பிடு முடிந்ததும் மச்சான், "வருசம் திரும்பாம எப்படிப் போறது? சிங்கப்பூரை ரத்து பண்ணிருவோம்" என்றார். ரத்து பண்ணுவதற்காக யாழினியிடம் உன் மெயிலில் டிக்கெட்டைத் திறக்கச் சொன்னேன். அவள் தயங்கினாள். பிறகு திறந்து போனை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆறு பேர். மச்சான், யாழினி, என் வீட்டுக்காரர், நான், முகிலன். ஆறாவதாக உன் பேர் இல்லை. கண்ணன் பேர் இருந்தது. அவன் பாஸ்போர்ட் நம்பர், எடை, செருப்பு அளவு வரைக்கும். உன் பேரை எடுத்துவிட்டுப் பிறகு மாற்றியதும் இல்லை. முதல் நாளே அப்படித்தான் போட்டிருக்கிறாய்.

அடுப்படிக்குப் போய் யாழினியைக் கேட்டேன். பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மாமா வீட்டுலதான் மத்தியானம் சாப்பிடும் சித்தி. மூணு வருசமா. நானும் ரெண்டுவாட்டி போயிருக்கேன். சித்திக்குத் தெரிஞ்சா சங்கடப்படும், சொல்லாதன்னு சொல்லுச்சு."

மூணு வருசம். நான் அவன் பேரைக்கூடச் சொல்லாமல் இருந்த மூணு வருசம். தீபாவளிக்கு உன் வீட்டில் உட்கார்ந்து நான் அவனைத் திட்டும்போதெல்லாம் நீ முறுக்குப் பிழிந்துகொண்டு பேசாமல் இருந்தாயே, அப்போது உனக்கு என்ன தோன்றியது அக்கா? இவள் ஒரு பைத்தியக்காரி என்றா?

மறுநாள் காலையில் எஸ்டேட் ஆள் ஏற்றுகிற ஜீப்பில் ஏறினேன். போடிமெட்டு தாண்டி அவன் வீட்டு வாசலில் இறங்கும்போது எனக்குக் கோபம்தான் இருந்தது. அவன் காப்பிக் கொட்டையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். ஸ்மிதா உள்ளேயிருந்து நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, "சேச்சி, உக்காருங்க" என்றாள்.

"அக்காவுக்கு என்ன நோவுன்னு ஒனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டேன்.

"தெரியும். மதுரைக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். ரிப்போர்ட்டை என் கையிலதான் குடுத்தாங்க."

"ஒனக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக்கூடாதா?"

"சத்தியம் வாங்கிருச்சு. ஒனக்குத் தெரிஞ்சா கடையை இழுத்துச் சாத்திட்டு வந்து பக்கத்துல உக்காந்து அழுவன்னுச்சு. இருக்குற நாளை அழாம பாத்துக்கிறேன்னுச்சு."

"சிங்கப்பூர் எதுக்கு?"

அவன் குனிந்து காப்பிக் கொட்டையை ஒருதடவை கிளறிவிட்டான். "ரிப்போர்ட் வந்த மறுநாளுதான் டிக்கெட் போட்டுச்சு. தான் வர முடியாதுன்னு அதுக்குத் தெரியும். நம்ம ரெண்டு பேரையும் ஒரு எடத்துல கொண்டுபோய் விடணும்னு நெனச்சுச்சு. இங்க எங்க வச்சாலும் நீ கோவிச்சுட்டு பஸ்சு ஏறிப் போயிருவ. அங்க காலையில உள்ள போனா சாயங்காலம் வரைக்கும் சாப்பாடு, குளியல் எல்லாம் உள்ளேயே. தப்பிச்சுப் போக வழியில்லைன்னு சொல்லிச் சிரிச்சுச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நீ காதுகுத்துக்கு மட்டும் வந்திருந்தா இதெல்லாம் எதுக்குடா?" என்று கத்தினேன்.

கண்ணன் ஸ்மிதாவைப் பார்த்தான். அவள் உள்ளே போய்விட்டாள்.

"நான் கிளம்பி நின்னேன் சுமதி. இவளும் பட்டுச்சேலை கட்டி நின்னா. விடிகாலையில அக்கா போன் போட்டுச்சு. 'அந்தப் பொண்ணைக் கூட்டியாராத, ஊரு பேசும், நீ மட்டும் வா'ன்னுச்சு. கட்டுனவளை வாசல்ல நிறுத்திட்டு நான் மட்டும் வந்து மடியில பிள்ளையை வைக்கவா? அதான் வரல. ஒனக்குத் தெரியும்னுதான் இத்தனை நாளா நெனச்சேன். பந்தல்ல நீ கேட்டப்பத்தான் அக்கா ஒங்கிட்டச் சொல்லவே இல்லைன்னு தெரிஞ்சுச்சு. அந்த எடத்துல அதைப் போட்டு ஒடைக்க முடியுமா?"

அக்கா, தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாயே, அப்போது உனக்குத் தெரியும். என் தோளில் விழுந்தபோதும் தெரியும். நான் போனை எடுத்து அவனை அறுத்துப் போட்டபோது நீ என் பக்கத்தில்தான் நின்றாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அன்றைக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது என்றால், மூணு வருசமாக அவன் வீட்டில் சோறு தின்றாயே, அப்போதாவது சொல்லியிருக்கலாமே. நீ அவனிடம் சமாதானமாகிவிட்டாய். உன் கோபத்தை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாய். அதை உன்னுடையதென்று நம்பித்தானே உன் பந்தலில் அவனைத் துரத்தினேன்?

"நான் போன்னு சொன்னப்ப எங்கடா போன?" என்று கேட்டேன்.

"எங்கயும் போகல. ரோட்டு முக்குல நின்னேன். அக்காவைத் தூக்கிட்டுப் போகும்போது ஓரமா நின்னு கும்பிட்டுக்கிட்டேன்" என்றான்.

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. அவன் காலில் விழப்போனேன். தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டான். இருவரும் அழுதோம், உன்னைத் திட்டிக்கொண்டே அழுதோம்.

அழுது முடித்த பிறகு, "நான் சிங்கப்பூருக்கு வரல சுமதி. அக்கா எடத்துல என்னால வர முடியாது" என்றான்.

"அக்கா எடத்துல வரவேணாம். ஸ்மிதா வர்றதா இருந்தா வா. இல்லைன்னா வராத" என்றேன்.

சிலமலைக்கு இறங்கிவந்து மச்சானிடம் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அந்தப் போனைப் போடச் சொன்னதே நான்தான்மா. ஊருக்குப் பயந்தேன்" என்றார். பிறகு, "அந்தப் பிள்ளையையும் சேர்த்துரு" என்றார். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று இந்தத் தடவை அவர் கேட்கவில்லை. யாழினி பூங்காவுக்கு மெயில் எழுதினாள். அதே நாளுக்கு இன்னொரு இடம் கிடைத்துவிட்டது. ஸ்மிதாவின் பாஸ்போர்ட் வந்துவிட்டது. ஏழு பேர் போகிறோம்.

நீ நினைத்தது நடந்துவிட்டது என்று சந்தோசப்படாதே. நீ நினைத்த மாதிரி நடக்கவில்லை. மீனைப் பார்த்து, வயிறாரச் சாப்பிட்டு, நாங்கள் தானாகச் சமாதானமாகிவிடுவோம், உன் பொய் உன்னோடு போய்விடும் என்று நினைத்தாய். போகவில்லை. என் கையில்தான் இருக்கிறது. ராத்திரி படுத்தால் தாம்பாளத்தோடு திரும்பிப் போகிற கண்ணன் முதுகுதான் தெரிகிறது. அந்த முதுகை எனக்குக் கொடுத்தவள் நீ.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மாமன் காதுகுத்துக்கு வராதவன் என்றுதான் யாழினி இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். உன்னோடு அவன் வீட்டில் சாப்பிட்டபோதுகூட அப்படித்தான் நினைத்தாளாம். கிளம்புவதற்கு முன்னால் அவளை உட்காரவைத்து நடந்ததை நடந்தபடி சொல்வேன். அன்று விடிகாலைப் போனையும் சொல்வேன். தூணைப் பிடித்துக்கொண்டு அழுதபோதே உனக்கு எல்லாம் தெரியும் என்பதையும் சொல்வேன். நான் பந்தலில் செய்ததையும் மறைக்க மாட்டேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அது இன்னும் உண்மையில்லை. உண்மையாகிற அன்றைக்கு முதலில் உன்னிடம்தான் சொல்வேன், சத்தியமாக.

உன்மேல் தீராத கோபத்தோடும் பாசத்தோடும்,
உன் கூடப்பிறந்தவள்,
சுமதி