சித்திரை வீதியில் வலப்பக்கம் மட்டும்

கீழ் வீட்டுச் சிறுமியின் சைக்கிளில் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்த குட்டிச் சக்கரங்களை இன்று காலை கழற்றிவிட்டார்கள். கழற்றியதை மாடிப்படியிலேயே போட்டிருக்கிறார்கள். தடுக்கி விழுந்தால் என் இடுப்பு எலும்பு இனி ஒட்டுமா? யாருக்கு அக்கறை! நாலு வார்த்தை கேட்கலாம் என்று ஜன்னலைத் திறந்தேன். தெருவில் அவள் அப்பா பின்னாலேயே ஓடிக்கொண்டு, "லெஃப்ட்ல ஒடி! லெஃப்ட்ல ஒடிடா கண்ணு!" என்று கத்திக்கொண்டிருந்தார். திட்ட வந்ததை அப்படியே விட்டேன். ஜன்னலைச் சாத்திவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீ போய் அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்றை இன்னும் வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன், சொல்.

கிராம சேவிகா பயிற்சியில் நாம் இருவரும் ஒரே பெஞ்சு. நான் பாலக்கரை மாதா கோயில் பக்கத்துக்காரி, நீ ஸ்ரீரங்கத்துப் பூக்கடைக்காரர் மகள். ஊர் ஊராகப் போய் வீட்டுப் பெண்களுக்குக் காய்கறித் தோட்டமும் பிள்ளை வளர்ப்பும் சொல்லித்தரும் உத்தியோகம். மற்ற பரீட்சை எல்லாம் முடிந்து கடைசியில் சைக்கிள் விட்டுக் காட்ட வேண்டும். விட்டால்தான் வேலை. எனக்கு அது ஒரு வேலை, அவ்வளவுதான். உனக்கு அது உயிர். "வேலை கிடைச்சா போ. இல்லேன்னா தையில கல்யாணம்" என்று உன் அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை திருவெள்ளறைப் பக்கம், மூத்த தாரத்தைப் பறிகொடுத்தவர், உன்னைவிடப் பதினெட்டு வயது பெரியவர். "அவரைப் பாத்தா அப்பாவுக்கே அண்ணன் மாதிரி இருக்காருடி" என்று சிரிப்பாய். சிரித்து முடித்ததும் உன் முகத்தைப் பார்க்க முடியாது.

உங்கள் ஊர் வாடகை சைக்கிள் கடையில் ஒரே ஒரு லேடீஸ் சைக்கிள் இருந்தது. சீட்டில் சாக்குத் துணி சுற்றியிருக்கும், பெல் மட்டும் அடிக்காது, மற்றதெல்லாம் சத்தம் போடும். நான் பாலக்கரையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருவேன். சித்திரை வீதியில் கோலம் போட்டு முடிப்பதற்குள் நாம் ஆளுக்கு மூன்று முறையாவது விழுந்திருப்போம். ஒருத்தி ஏற, இன்னொருத்தி கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். நான் சக்கரத்தையே குனிந்து பார்ப்பேன். "தூரத்துல பாருடி! சைக்கிள் எங்கயும் ஓடிப் போயிடாது" என்பாய். உன் கையில் மருக்கொழுந்து வாசனை அடிக்கும். பால்காரர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "என்னண்ணே, பால் திரிஞ்சிடப் போகுது, போங்க" என்று விரட்டுவாய்.

ஒன்றில் மட்டும் நீ பிடிவாதம். கோயிலைச் சுற்றிய வீதி அது, நடந்தாலும் சைக்கிளில் போனாலும் வலமாகத்தான் போக வேண்டும். ஒருநாள் நான் தெரியாமல் மறுபக்கம் திருப்பியதற்குக் கேரியரைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டாய். "இடமா சுத்தறது சாவுக்கு. பெருமாளைச் சுத்திட்டு அப்படியா போவாங்க?" சரி தாயே என்று நானும் வலமாகவே வந்தேன். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பெண் நான், உங்கள் பெருமாளை எத்தனை பிரதட்சிணம் செய்திருப்பேன், கணக்கே கிடையாது. நாலு மூலையும் வலப்பக்கத் திருப்பம். இரண்டு மாதத்தில் இருவரும் கையை விட்டுக்கூட ஓட்டினோம்.

பிறகு நீ வீட்டுக்கு விலக்காகி மூன்று நாள் வெளியே வரவில்லை. நான் தனியாக சைக்கிளை எடுத்துக்கொண்டு காவிரிக்கரை அம்மாமண்டபம் பக்கம் போனேன். அங்கே இடப்பக்கம் ஒடித்தேன், ஒரு மாட்டு வண்டியின் அடியில் போய் விழுந்தேன். மறுபடி ஒடித்தேன், மறுபடி விழுந்தேன். அப்போதுதான் உறைத்தது. நம் இருவர் கையும் ஒரு பக்கத்துக்குத்தான் பழகியிருக்கிறது. மூன்றாம் நாள் எனக்கு வந்துவிட்டது.

நாலாம் நாள் நீ தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலோடு வந்தாய். நான் சொல்லவில்லை. இடமாகச் சுற்று என்று ஒரு வேதக்காரி எப்படிச் சொல்வது என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். அம்மாமண்டபத்துக்குக் கூட்டிப்போயிருக்கலாம், அங்கே எந்தப் பிரதட்சிணமும் இல்லை. மார்க்கிலும் தையலிலும் பேச்சிலும் நீதான் எப்போதும் முந்தி. உனக்கு வராத ஒன்று எனக்கு வந்திருக்கிறது என்று உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது. ஒரு வாரம் அதை ருசித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். அந்த வாரத்திலேயே பரீட்சை வைத்துவிட்டார்கள்.

மைதானத்தில் இரண்டு புளியமரம். இரண்டையும் சுற்றி எட்டு போட வேண்டும். என்னை முதலில் கூப்பிட்டார்கள், போட்டுவிட்டேன். அடுத்து நீ. முதல் மரத்தை வலமாகச் சுற்றினாய், என்ன அழகு! அதிகாரிகூடத் தலையை ஆட்டினார். இரண்டாவது மரத்தில் இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். விழுந்தாய். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு மறுபடி வந்தாய். அதே இடத்தில் விழுந்தாய். மூன்றாம் முறை விட்டுப் பார்க்க நீ கேட்டதற்கு, "போதும்மா, அடி கிடி பட்டுடப் போகுது" என்று அதிகாரி உன் பெயரை அடித்துவிட்டார்.

குழாயடியில் முழங்கையைக் கழுவிக்கொண்டே கேட்டாய்: "உனக்கு மட்டும் எப்படிடி வந்துச்சு?"

"தெரியலடி. தானா வந்துடுச்சு."

"போகட்டும். ஒருத்திக்காவது வந்துச்சே" என்று என் முதுகில் தட்டினாய். ஈரக் கை. அந்த ஈரம் ஜாக்கெட்டில் காய வெகுநேரம் ஆயிற்று.

தையில் உன் கல்யாணம். மறு வருஷம் மாசியில் தலைப்பிரசவம். வலி கண்டு இரண்டு நாள் ஆகியும் வண்டி கட்டவில்லையாம். அந்த இரண்டு நாளும் நான் தொட்டியம் பக்கம் வாழைத்தோப்பு வரப்பில் சைக்கிளை உருட்டிக்கொண்டு, கர்ப்பிணிகளை நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடிதம் பத்து நாள் கழித்து வந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தேன். சாமியார் மன்னித்துவிட்டார். மன்னிக்க வேண்டியது அவரா? முப்பது வருஷம் சைக்கிள் மிதித்தேன். ஒவ்வொரு இடப்பக்கத் திருப்பத்திலும் கை கூசும், ஆனால் ஒருமுறையும் விழவில்லை. விழுந்திருந்தால் தேவலை என்றுகூட நினைத்திருக்கிறேன்.

கீழே அந்தக் குட்டிக்கு வந்துவிட்டது போலிருக்கிறது, கைதட்டல் கேட்கிறது. ஒரே காலையில் கற்றுக்கொண்டுவிட்டாள். எனக்கு மூன்று நாள் ஆயிற்று. உனக்கு ஒரு நாள் போதுமாயிருந்திருக்கும்.