உறையாத தடங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு எபிசனின் ஸ்தோத்திரம். கால் வீக்கம் வற்றியதா? போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன். ஜெப்சி வாசித்துக் காட்டட்டும்.

நான் சுகம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரி உறைந்து தரை மாதிரி ஆகிவிட்டது. நேற்றுக் காலை குளிர் பூஜ்யத்துக்கு ஒரு டிகிரிதான் கீழே. குப்பை போடப் போனவன், ஏரியின் நடுவிலிருந்து வெறுங்கால் தடங்கள் வந்திருப்பதைப் பார்த்தேன். சுற்றிலும் எல்லாம் உறைந்து கிடக்க, தடங்களில் மட்டும் தண்ணீர் நின்றது. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது. ஏரியில் இருப்பது நல்ல தண்ணீர், அம்மா. கடலுக்கு இங்கிருந்து விமானத்தில்தான் போகவேண்டும்.

கூடத் தங்கியிருக்கும் புதுக்கடை ஊர்க்காரன் அனில்குமாரிடம் காட்டினேன்.

"ரோட்டுல பனி உருகப் போடுத உப்பா இருக்கும் மக்கா. உப்புத்தண்ணி உறைய இன்னும் ஒரு டிகிரியாவது குறையணும்," என்றான்.

"வெறுங்காலுல எவம்லே நடப்பான்?"

அவன் உள்ளே போய்க் கதவைப் பூட்டினான். தடங்கள் எங்கள் வாசல்படியில் வந்து முடிந்திருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை. நீங்கள் பயப்படவேண்டாம், நான் நன்றாகத் தூங்குகிறேன்.

ஜான்ரோஸ் அண்ணன் முட்டத்துக் கடலில் காணாமல் போனதிலிருந்து, எப்படியும் வந்துவிடுவான் என்று நீங்கள் ஒருவர்தான் சொல்கிறீர்கள். இனி நான் மறுத்துப் பேசமாட்டேன்.

பார்சலில் கொஞ்சம் நல்லமிளகும் கருப்பட்டியும் வையுங்கள். வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. அண்ணனுடைய செருப்பையும் மறக்காமல் வையுங்கள். இந்தக் குளிரில் வெறுங்காலோடு எவ்வளவு நேரம் நிற்பான்?

எபிசன்