கறவைக்காரியின் கைகள்

விஸ்கான்சின், மார்ச் 9, 1938

உயிரினும் இனிய அம்மாவுக்கு மகள் ஹெஸ்டரின் வணக்கம். பனியால் மிகுந்த மூட்டுவலி தணிந்ததா? நான் நலமே.

இவ்வூர் அஞ்சலகச் சுவரில் நான் தீட்டும் கறவைக்காரி ஓவியத்தையும், அதன்கீழ் பொறிக்கவிருக்கும் என் கவிதையையும் ஊர்க்குழு இம்மாத இறுதியில் பார்வையிடும். மறுத்தால் சுண்ணாம்பு பூசி மறைத்துவிடுவார்கள். இந்நிலையில், மடல் வாங்க வந்த பண்ணைக்காரி இங்கா, படத்தைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏண்டி பட்டணத்துக்காரி, மாட்டுக்கு இடப்பக்கமா உக்காந்து எவ பால் கறப்பா?"

"கவிதைக்கு எந்தப் பக்கமா இருந்தா என்னக்கா?"

"உன் கவிதைய மாடா படிக்கப்போகுது? காலையில தொழுவத்துக்கு வா, அதுவே சொல்லும்."

சென்றேன். இடப்புறம் அமர்ந்தேன், மாடு ஓர் உதையில் தன் கருத்தைச் சொல்லிவிட்டது. முழங்காலில் சிறு வீக்கம்தான், கவலை வேண்டாம். கறவைக்காரியை வலப்புறம் மாற்றி வரைந்துவிட்டேன்.

"இப்பதான்டி இவ நம்ம ஊரு பொம்பள. குழுக்காரன் எவனாச்சும் வாயத் திறக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்றார் இங்கா.

கைகள் மட்டும் எஞ்சியுள்ளன. மூன்றுமுறை வரைந்து மூன்றுமுறை அழித்தேன். அவளுக்கு உங்கள் கைகளே பொருந்தும். எனவே, எனக்குக் கம்பளிக் காலுறை ஒரு சோடி அனுப்பும்போது, உங்கள் கையைத் தாளில் விரித்துவைத்து, சுற்றிலும் கோடிழுத்து அனுப்புங்கள். ஓவியத்திற்கு அளவு வேண்டுமென்று இங்காவிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் மறைப்பானேன்? முதலில் அத்தாளின்மேல் என் கையை வைத்துப் பார்க்க வேண்டும்.

அஞ்சற்பையைக் கட்டுகிறார்கள், அம்மா.

ஹெஸ்டர்