சட்டையில் இல்லாத கறை

என்னவருக்கு,

நலம்தானே? அத்தையின் முட்டுவலி குறைந்ததா? குட்டிம்மா அழாமல் பள்ளிக்குப் போகிறாளா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வான்நோக்குச் சங்கத்துக்குப் போவதாக எழுதியிருந்தேன் அல்லவா? போன வாரம் பள்ளி மைதானத்தில் தொலைநோக்கி வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் சூரியனைக் காட்டினோம். கூட்டம் குறைந்ததும் நானும் பார்த்தேன். அந்நேரம் பார்த்துக் காற்றடித்து, வெளிச்சத்தைக் குறைக்க முன்னால் மாட்டியிருந்த கறுப்பு மூடி லேசாக விலகிவிட்டது. "ஐயோ, கண்ணை எடும்மா!" என்று சங்கச் செயலாளர் கத்தினார். உடனே எடுத்துவிட்டேன். பதறாதீர்கள்.

மறுநாள் தொழிற்சாலையில்தான் வேடிக்கை. தைத்து வந்த சட்டைகளையெல்லாம் கறை என்று ஒதுக்கிக்கொண்டே இருந்தேன். சூப்பர்வைசர் அக்கா ஒன்றை விரித்துப் பார்த்து, "எங்கடி கறை? பளிச்சுனுதானே இருக்கு!" என்றார். கறை என் வலது கண்ணில் இருந்தது. இருவரும் சிரித்தோம். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, கையோடு டாக்டரிடம் கூட்டிப்போனார்.

"தானா தெளியலாம். பொறுத்துத்தான் பார்க்கணும்" என்றார் டாக்டர். தெளியாவிட்டால் என்னவென்று நான் கேட்கவில்லை. இப்போதைக்குப் பெட்டி ஒட்டும் வேலை கொடுத்திருக்கிறார்கள். செயலாளர் தினமும் வந்து விசாரிக்கிறார். பாவம், என்னைவிட அவர்தான் பயந்துபோயிருக்கிறார்.

அத்தையிடம் இதைப் படித்துக் காட்டாதீர்கள். குட்டிம்மாவின் போட்டோ ஒன்று அனுப்புங்கள், முகம் மட்டும் பெரிதாகத் தெரிகிற மாதிரி. கடிதத்தையும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுங்கள். உங்கள் கையெழுத்து எப்போதுமே எறும்பு ஊர்ந்த மாதிரிதானே, அதற்காகத்தான் சொல்கிறேன்.

தொழிற்சாலை வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார், ஓடுகிறேன்.

உங்களவள்