ஸெஃபிர் காரில் போன பத்துச்சீட்டு

1955 ஆகஸ்ட் 11, வியாழன்

மழை. ஐந்தாம் நாள். பாக்டரியில் தேயிலைக் கொழுந்து வாடவில்லை என்று டீமேக்கர் ஐயா எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார். அந்த நேரம் பார்த்துப் போய் லீவு கேட்டேன். என்ன நினைத்தாரோ, கொடுத்துவிட்டார். நாளை முதல் திங்கள் வரை. இஞ்சின் ரூமுக்கு மாற்று ஆள் சின்னையா அண்ணன்.

கொழும்பு! ஹட்டன் ஜவுளிக்கடை வேலாயுதத்தோடு. (பேர் நீளம். இனி வே.) முதலாளி அவனைத் துணி எடுக்க அனுப்புகிறார். "நீயும் வாய்யா ராசு, புது காரெல்லாம் கண்ணு வலிக்கப் பாத்துட்டு வரலாம்" என்றான்.

பார்க்க வேண்டியவை:
1. கம்பியில் ஓடும் மாடி பஸ்
2. துறைமுகத்து கிரேன்கள்
3. கார் விற்கும் கண்ணாடிக் கடைகள். ஸெஃபிர், ஆறு சிலிண்டர். மைனரில் புது மாடல்.
4. கடல் (வே.க்காக)

பயமும் இருக்கிறது. மேட்டு லயத்து வீட்டுக் காளிமுத்து அண்ணனைப் போன மாதம் கொழும்பில் பிடித்துப் பத்து நாள் வைத்திருந்து விட்டார்கள். கையில் ஒரு தாள் இல்லை. கள்ளத்தோணி, திருட்டுத்தனமாகக் கடல் தாண்டி வந்தவன் என்று எழுதிக்கொண்டார்களாம். இந்தத் தோட்டத்திலேயே முப்பது வருஷம் மலை வெட்டிய மனிதர்.

இன்று தண்ணீர்ப் பீலியில் பார்த்தேன். "போறதுன்னா ஏதாச்சும் ஒரு தாளு பையில இருக்கணும் தம்பி. வெறுங்கையோட போயிராத" என்றார்.

எனக்கென்று என்ன தாள் இருக்கிறது? தகரப் பெட்டியில் அப்பாவின் பத்துச்சீட்டு. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பழைய தோட்டத்தை விட்டு விலகும்போது துரை கையால் எழுதிக் கொடுத்தது. எந்த வருஷம் வந்தார், எந்த வருஷம் போனார், குடும்பத்தில் யார் யார், எல்லாம் அதில். என் பேரும் உண்டு.

எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார். அடுத்த வியாழன் நுவரெலியாவில் எங்கள் பிரஜாவுரிமை விசாரணை. 1939க்கு முன்பிருந்தே இங்கே இருக்கிறோம் என்பதற்கு அந்த ஒரு தாள்தான் சாட்சி. பழைய தோட்டத்து ஆபீசில் கேட்டாயிற்று. ஆட்கள் பேர் பதியும் செக்ரோல் புத்தகங்களைக் கறையான் தின்றுவிட்டதாம்.

திங்கள் திரும்பியதும் இருந்த இடத்தில் வைத்துவிடலாம். நான்கே நாள்.

ஆகஸ்ட் 12, வெள்ளி

கொட்டகலையில் ரயில். வே. ஹட்டனில் ஏறிக்கொண்டான். டீசல் இஞ்சின்! புகை கொஞ்சம், சத்தம் ஒரே சீர். றொசல்ல வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே தலை. கண்ணில் மழை, தலையில் வே.யின் குட்டு.

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பையைத் தொட்டுப் பார்த்தேன். வே. கவனித்துவிட்டான். "பொண்ணு போட்டோவா?" காட்டினேன். முகம் மாறிவிட்டது. "இதையாய்யா எடுத்துட்டு வந்த? வெவஸ்த கெட்டவனே."

அவன் பேசுவான். அவன் ராமநாதபுரத்தில் பிறந்தவன். பெட்டியில் இந்தியப் பாஸ்போர்ட், விசா முத்திரையோடு. கப்பலில் வந்தவன் நிம்மதியாகக் கடலை கொறிக்கிறான். இந்த மண்ணில் பிறந்த நான் சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷன் வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவர், "கொஹெத யன்னே?" எங்கே போகிறாய் என்று சிங்களத்தில். "ஹட்டன்... மாத்தயா... ஹட்டன்" என்றேன். போகிற இடத்தைக் கேட்டால் வந்த இடத்தைச் சொல்கிறேன். கை பைக்குள். பிறகுதான் தெரிந்தது, கேட்டது என்னையே அல்ல, எனக்குப் பின்னால் முட்டைக்கோசுக் கூடையோடு நின்றவரை. வே. தெருவிலேயே உட்கார்ந்து சிரித்தான்.

தங்கல்: துணி மொத்தக்கடை மாடி. வெக்கை. மூட்டைப்பூச்சி.

ஆகஸ்ட் 13, சனி. காலை

கம்பி பஸ் பார்த்தாயிற்று! ஏறியும் ஆயிற்று. இஞ்சின் சத்தமே இல்லை. மாடி வீடு ஒன்று தானாக நகர்கிற மாதிரி. ஒரு திருப்பத்தில் கூரைக் கோல் கம்பியை விட்டுக் கழன்றது. கண்டக்டர் நீளக் கழியோடு இறங்கி அதைப் பிடித்து மாட்டினார். நானும் இறங்கிப்போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வே. மாடியிலிருந்து, "ஏறுய்யா, ஒனக்குச் சம்பளமா குடுக்குறாங்க?"

கண்ட கார்கள்: மைனர் 31, ஏ-40 22, கன்சல் 9, ஸெஃபிர் 4, ஜெர்மன் வண்டு கார் 3. நம்பர் எல்லாம் கடைசிப் பக்கத்தில். ஒரு தடவை பார்த்தால் போதும், கார் நம்பர் எனக்கு மறக்காது.

கண்ணாடிக் கடையில் உள்ளே விட்டார்கள்! விற்பனைக்காரர் என் செருப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஸெஃபிர் ஸ்டியரிங்கைத் தொட்டேன். ஒரு விரலால்தான்.

அதே நாள். இரவு

எழுதக் கை வரவில்லை. நடந்ததை வரிசையாக எழுதினால் எங்கேயாவது வழி தெரியுமா என்று பார்க்கிறேன்.

மாலை காலிமுகத்திடல். கடல் வெறி பிடித்து அடித்தது, சாரல் ரோடு வரைக்கும். ஓரத்தில் ஒரு ஸெஃபிர், பச்சை, ஸ்டார்ட் ஆகாமல். ஒரு சிங்கள ஐயா, வெள்ளைக் கால்சட்டை, பானட்டைத் திறந்துவிட்டு விழித்துக்கொண்டு நின்றார். எனக்குச் சும்மா இருக்க முடியுமா? "மாத்தயா, நான் பாக்கவா?" வே. சட்டையைப் பிடித்து இழுத்தான். இழுத்தபோதே போயிருக்கலாம்.

சாரல் ஈரம், கரண்ட் போகும் மூடிக்குள். துடைத்தால் தீர்ந்தது. ஐந்து நிமிஷ வேலை. ஓடியது. ஐயா கைகுலுக்கினார். போய்விட்டார். ஆறு சிலிண்டரும் பாடிக்கொண்டு போனதைக் கேட்டு நான் இளித்துக்கொண்டு நின்றேன்.

சோற்றுக்கடையில் பையைத் தொட்டேன். காலி.

எங்கள் இஞ்சின் ரூம் பழக்கம். இஞ்சின் மேல் குனியுமுன் பையில் இருப்பதை எல்லாம் எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும். ஒரு தடவை ஒருவர் சட்டையை பெல்ட் இழுத்துக்கொண்டு போனதிலிருந்து அப்படி. மூன்று வருஷமாகச் செய்து செய்து கை தானாகச் செய்கிறது. சீப்பு, பென்சில், பத்துச்சீட்டு. மூன்றையும் பேட்டரிக்குப் பக்கத்துத் தட்டில் வைத்தேன். வைத்தது இப்போது கண்ணில் நிற்கிறது. சீப்பையும் பென்சிலையும் எடுத்தேன். சீட்டு சரிந்து உள்ளே போயிருக்கும். பானட்டை மூடியதும் நான்தான்.

அப்பா. அம்மா. தங்கச்சி. நான். நான்கு பேரின் உரிமையும் அந்தக் காருக்குள்.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

விடியும்போதே வே., "போலீசுல சொல்லுவோம். கார் நம்பரு இருக்குல்ல?"

"என்னான்னு சொல்ல? நீ யாருன்னு கேப்பாங்க. தாளக் காட்டுன்னுவாங்க. அந்தத் தாளத்தான தொலைச்சிருக்கேன்!"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டான்.

கடற்கரைக்குப் பக்கத்து பெட்ரோல் கடையிலிருந்து ஆரம்பித்தோம். ஒவ்வொரு கடையிலும் நம்பரைச் சொல்லிக் கேட்டோம். தெருவில் போலீஸ்காரர் தெரிந்தால் எதிர்ப்பக்கம் தாண்டினோம். பத்துத் தடவையாவது தாண்டியிருப்போம். வழியெல்லாம் போர்ட்டிகோக்களில் கார்கள். நேற்றென்றால் எண்ணியிருப்பேன். இன்று பச்சையா இல்லையா, அவ்வளவுதான்.

நாலாவது கடைக்காரர் தமிழர். "பச்ச ஸெஃபிரா? நம்ம டாக்டர் ஐயாவோடது. பம்பலப்பிட்டியில கடலப் பாத்த வீடு." அவர் காலில் விழாத குறை.

கேட்டில் நாய். மணியை அடித்துவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. டாக்டர் லுங்கிச் சாரத்தோடு வந்தார். அடையாளம் தெரிந்து சிரித்தார். சொன்னதும் சிரிப்பு போய்விட்டது. அவரே பானட்டைத் திறந்தார்.

இருந்தது. பேட்டரிக்கும் தகட்டுக்கும் நடுவில் செருகிக்கொண்டு. எடுத்தபோது ஒரு பக்கம் ஈரம், பழுப்பு. பேட்டரி அசிட். அப்பா பேர் இருக்கிறது. அம்மா பேர், என் பேர், தோட்டத்தின் பேர், துரை கையெழுத்து, எல்லாம் இருக்கிறது. வருஷம் எழுதிய வரி மட்டும் வெளுத்துவிட்டது. பேனா போன தடம் கூட இல்லை.

டாக்டர் தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "ஐயோ மல்லி" என்றார். தம்பி என்று அர்த்தம். அவருக்கே புரிந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். குடித்தேனா என்று ஞாபகம் இல்லை.

ஆகஸ்ட் 15, திங்கள்

ரயில். இஞ்சின் எதுவென்று பார்க்கவில்லை.

நாவலப்பிட்டி தாண்டியதும் வே. காதருகில் வந்தான். "நீதான் கார்ப் படத்துக்குக் கீழ இங்கிலீசு எழுத்தெல்லாம் அச்சு மாதிரி வரைவியே. அந்த வரிய நீயே எழுதிரு."

"கள்ளச் சீட்டுன்னு புடிச்சா?"

"கள்ளம் எங்கய்யா இருக்கு? இருந்தத்தான எழுதப் போற. பொய்யா எழுதுற?"

"புடிச்சா எனக்கு மட்டுமில்ல, அப்பாவுக்குந்தான் ஜெயிலு."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஹட்டன் வந்தது. இறங்கும்போது, "நான் கூட்டிட்டு வந்திருக்கக் கூடாது" என்றான். அழுதுவிடுவான் போல இருந்தது. நான்தான் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

சீட்டு திரும்பப் பெட்டிக்குள். அடியில்.

ஆகஸ்ட் 16, செவ்வாய்

வேலை. மழை.

ஆகஸ்ட் 17, புதன்

அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று காலையில் எழுந்தேன். அவர் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் உட்கார்ந்து கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். மலை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவிடம் இரவல் வாங்கிய கோட்டு.

"அப்பா, நாளைக்கு..."

"நாளைக்கு என்னாடா? காளிமுத்து கூட பயப்படுறான், அவன்ட்ட ஒரு துண்டுத் தாளு கெடையாது. நமக்கென்ன? அந்த ஒரு சீட்டு போதும்டா நமக்கு." பல்லால் நூலைக் கடித்தார். நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

பகல் சாப்பாட்டு நேரம். கொழுந்து வாட்டும் மாடி, ஜன்னல் ஓரம். ஆள் இல்லை. மையில் தண்ணீர் கலந்து பழசாக்கினேன். துரையின் எண்கள் சாய்ந்து நிற்கும், நாலுக்கு வால் நீளம். வேறு தாளில் நாற்பது தடவை எழுதிப் பழகினேன். எழுத்து வந்துவிட்டது.

வந்த வருஷம் 1934. அதில் சந்தேகமே இல்லை. விலகிய வருஷம்? 1943. அல்லது 42.

எத்தனை தடவை பார்த்த தாள்! மூன்றும் தெரிகிறது, இரண்டும் தெரிகிறது. சனிக்கிழமை பார்த்த முப்பத்தொரு மைனரின் நம்பரும் இப்போது கேட்டாலும் சொல்வேன். என் குடும்பத்தைக் காப்பாற்றும் ஒரே நம்பரை ஒழுங்காகப் பார்த்ததில்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இந்தத் தோட்டத்து ஆபீஸ் நாங்கள் சேர்ந்த தேதியைப் பதிவுப் புத்தகத்தோடு நேராக விசாரணைக்கு அனுப்பிவிட்டது. அதோடு இது ஒட்ட வேண்டும். ஆபீசில் போய்க் கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள். அம்மாவிடம் போகிற போக்கில் கேட்டேன். "அது நல்ல மழ வருசம்" என்றாள். இங்கே எந்த வருஷம் மழை இல்லை?

யோசித்தேன். தங்கச்சி பிறந்தது 43 டிசம்பர், அவள் சர்டிபிகேட்டில் இருக்கிறது. பிறந்தது இந்த லயத்தில். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது நாங்கள் வந்து ரொம்ப நாளான மாதிரி ஞாபகம் இல்லை. அப்படியானால் 43.

எழுதிவிட்டேன். ஒரே இழுப்பு. கை நடுங்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருக்கிறது.

மாலையில் அப்பா சீட்டை எடுத்துப் பார்த்தார். "என்னாடா இப்படிப் பழுத்துப் போச்சி?"

"மழ ஈரம்ப்பா."

"நல்ல வேள, எழுத்துக்கு ஒண்ணும் ஆகல." அவருக்கு வாசிக்கத் தெரியாது. விரலால் அந்த வரியைத் தடவிப் பார்த்து மடித்துவைத்தார்.

ஆகஸ்ட் 18, வியாழன்

நுவரெலியா. பனி. முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டோம். நீள வராந்தா, நீள பெஞ்சு. நாற்பது ஐம்பது பேர், எல்லோர் மடியிலும் தகரப் பெட்டி. ஒருத்தரும் உரக்கப் பேசவில்லை. அம்மாவும் தங்கச்சியும் வாசல் மரத்தடியில்.

வந்ததுமே கிளார்க் எல்லோருடைய தாளையும் வாங்கி உள்ளே கொண்டுபோய்விட்டார். அப்பா இரண்டு கையாலும் கொடுத்தார்.

சும்மா உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். வாசலில் ஒரு ஜீப், முன் டயர் தேய்ந்தது. நம்பர் பார்க்கவில்லை. பார்க்கப் போவதுமில்லை.

எங்களுக்கு முன்னால் ஏழு பேர். வெளியே வருகிற முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

மூன்று பேர்.

பக்கத்தில் வட்டவளைப் பெரியவர் ஒருவர். அப்பா அவரோடு பேச்சுக் கொடுத்துவிட்டார். இரவல் கோட்டு அவரைப் பேசவைக்கிறது.

"இப்ப இருக்குற தோட்டத்துக்கு எப்ப வந்தீங்க?" என்று பெரியவர்.

"வருசமெல்லாம் என் மவனுக்குத்தாங்க தெரியும், படிச்சவன். எனக்குப் புள்ளைக கணக்குத்தான். நாங்க வந்து ஒரு தீவாளி அங்க முடிஞ்சி, மறு தீவாளியும் முடிஞ்ச பெறகுதான் மக பொறந்தா."

இரண்டு தீபாவளி.

43 டிசம்பரில் பிறந்தவள். 43 தீபாவளி ஒன்று. அதற்கு முந்தியது 42.

நாங்கள் வந்தது 42. நான் எழுதியது 43.

கிளார்க் இப்போதுதான் அப்பா பேரைக் கூப்பிட்டார். அப்பா பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போகிறார். எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். எழுதிக்கொண்டே இருக்கிறேன். கதவு திறந்தே இருக்கிறது, இங்கிருந்து தெரிகிறது. மேசைமேல் எங்கள் தோட்டத்துப் பதிவுப் புத்தகம் விரிந்து கிடக்கிறது. அதிகாரி அதில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் எங்கள் சீட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்குகிறார்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.